ஒரே கூரையின் கீழ்: சுவார்ட்ஸ் ஐயரும் அவர் வளர்த்த பிள்ளைகளும்





பொத்தேரியில் ஊழியம் செய்கிறவனுக்குக் கல்லூரி திறக்கும் மாதமே புத்தாண்டு. பெட்டியும் படுக்கையும் பிளாஸ்டிக் வாளியுமாகப் பிள்ளைகள் ரயிலைவிட்டு இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து, பல்கலைக்கழக விடுதிகளுக்குள் நுழைகிறார்கள். அவர்களில் சிலர் இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து அமர்வார்கள். பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது எவனாவது ஒருவன் முதலூர் மஸ்கோத் அல்வாவைக் கொண்டுவந்து, "ஐயா, அம்மா குடுத்துவிட்டாங்க" என்று நீட்டுவான். அந்த அல்வாவின் ஊருக்கும் இந்த வாரச் சிந்தனைக்கும் தொடர்பு உண்டு; பிறகு சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த மாணவன் ஒருவன், ஆராதனை முடிந்து எல்லாரும் போகும்வரை காத்திருந்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஐயா, நீங்க எனக்கு ஒரு வழிகாட்டியா இருப்பீங்களா?" எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. உடனே என் கைப்பேசியை எடுத்து, நல்ல பிரசங்கங்கள் மூன்றை அவனுக்கு அனுப்பினேன். அலமாரியிலிருந்து சீஷத்துவத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஜெபித்து அனுப்பினேன். ஒரு போதகனாக என் கடமையைச் செய்துவிட்டதாகவே நினைத்தேன். இரண்டு மாதம் வந்தான். பிறகு வரவில்லை.

படிப்பு முடித்து வேலைக்குப் போன பின்பு, ஒரு மாலை பொத்தேரி ரயில் நிலைய மேடையில் அவனைச் சந்தித்தேன். மரியாதையோடு பேசினான். ஏன் தம்பி வரவில்லை என்று கேட்டேன். சற்று நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "பிரசங்கம் என் போன்லயே நெறைய இருந்துச்சு ஐயா. ஒரு நாள் உங்க வீட்ல உக்காந்து ஒங்ககூட சாப்பிடணும்னுதான் இருந்துச்சு. அத எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

செங்கல்பட்டு வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டான். அந்த வார்த்தை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அதைத் தேவசமுகத்தில் வைத்து யோசித்தபோது, நம் தமிழ்த் திருச்சபையின் தொடக்க காலத்து மனிதர் ஒருவர் என் நினைவுக்கு வந்தார். இந்த வாரம் அவரைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

சிறு அறையில் வாழ்ந்த மனிதர்

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தவர். ஹாலே நகரில் படித்த காலத்தில், தமிழ்நாட்டில் ஊழியம் செய்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ச் என்பவரிடம் தமிழ் கற்றார். 1750ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். பின்னர் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையிலேயே கண்மூடினார். நாற்பத்தெட்டு ஆண்டுகளாக ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

அவரைப் பற்றிப் பெரிய செய்திகள் பல உண்டு. 1779இல் ஆங்கிலேயரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று ஹைதர் அலியைச் சந்தித்தார். போரினால் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது, நெல் கொண்டுவர மாடு தரக் குடியானவர்கள் மறுத்தார்கள். முன்பு கூலி கொடாமல் ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள். அரசரின் வாக்கை நம்பாத அவர்கள், சுவார்ட்ஸ் தம் பெயரில் வாக்குக் கொடுத்ததும் சில நாள்களில் மாடுகளோடு வந்து சேர்ந்தார்கள். இவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளவை.

ஆனால், என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது அவருடைய அன்றாட வாழ்க்கை. திருச்சியில் அவர் ஆண்டுக்கு நாற்பத்தெட்டுப் பவுன் வருமானத்தில், தாமும் தம் கட்டிலும் மட்டுமே அடங்கக்கூடிய பழைய கட்டடத்து அறை ஒன்றில், சாதமும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார் என்று அவரை அறிந்த ஓர் ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். காலையில் உபதேசிமார் அவரிடம் கூடுவார்கள்; ஜெபம் நடக்கும்; ஆளுக்கொரு திசையில் ஊழியத்துக்குப் புறப்படுவார்கள். மாலையில் மீண்டும் கூடி, அன்று யாரைக் கண்டார்கள், என்ன பேசினார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று அவரிடம் சொல்வார்கள். அடுத்த காலையும் அவ்விதமே.

மாற்கு 3:14 நமக்குத் தெரிந்த வசனந்தான். ஆண்டவர் பன்னிருவரை ஏற்படுத்தியதற்குக் காரணங்களை மாற்கு சொல்லும்போது, பிரசங்கிக்க அனுப்புவதை முதலில் சொல்லவில்லை. அவர்கள் தம்மோடு இருக்கவேண்டும் என்பதே முதற்காரணம். அனுப்புவது அதற்குப் பிறகுதான் வருகிறது. நான் இறையியல் கல்லூரியில் அந்த வசனத்தைக் கிரேக்கத்தில் படித்துத் தேர்வும் எழுதினேன். ஆயினும் அந்த மாணவன் கேட்டபோது, முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் அவன் கைப்பேசிக்கு அனுப்பினேன்.

நான்கு பிள்ளைகள், நான்கு பாதைகள்

பிள்ளையில்லாத சுவார்ட்ஸ் வளர்த்தெடுத்தவர்களில் நால்வரை மட்டும் பாருங்கள்.

முதலாமவர் சத்தியநாதன். சுவார்ட்ஸின் கீழ்ப் பல ஆண்டுகள் உபதேசியாராக இருந்து, 1790ஆம் ஆண்டு தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். அவரைத் தம் அருகிலேயே வைத்துக்கொள்ளாமல், பாளையங்கோட்டைக்கு அனுப்பினார் சுவார்ட்ஸ். அங்கே சத்தியநாதனோடு சேர்ந்து ஊழியம் செய்தவர் தாவீது சுந்தரானந்தம் என்னும் இளைஞர். அந்த ஊழியத்தின் பலனாக விசுவாசிகளான மக்கள் எதிர்ப்புக்கு ஆளானபோது, அவர்களுக்கென 1799இல் உருவான குடியிருப்பே முதலூர். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தன்னிடம் கேட்டவற்றை உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவிக்கும்படியும், அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கும்படியும் சொல்கிறாரே, அந்த நான்கு தலைமுறைச் சங்கிலியை இங்கே கண்ணால் பார்க்கிறோம். முதலூர் உருவானபோது சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை. பொத்தேரி விடுதியிலிருந்து எனக்கு அல்வா கொண்டுவரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இரண்டாமவர் ஜான் காஸ்பர் கோலாப். தரங்கம்பாடியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி ஒருவரின் மகன். சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் அவரைத் தம்மிடம் அழைத்து வளர்த்தார். 1787இல் குருப்பட்டம் பெற்று, 1844இல் இறக்கும்வரை இந்த மண்ணிலேயே ஊழியம் செய்தார்.

மூன்றாமவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம், கவிஞரும் உபதேசியாருமான தேவசகாயத்தின் மகன். குளோரிந்தா அம்மையார் பாளையங்கோட்டையில் கட்டிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ய 1785இல் அங்கு சென்ற சுவார்ட்ஸ், அந்தச் சிறுவனின் திறமையைக் கண்டு, தந்தையின் சம்மதத்தோடு தஞ்சைக்கு அழைத்துவந்தார். பத்தொன்பது வயதில் அங்கிருந்த பாடசாலைக்குத் தலைமை ஆசிரியரானார். அவரே பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சுவார்ட்ஸ் ஜெர்மன் கீர்த்தனைகளின் நடுவே வளர்ந்தவர். அவர் வளர்த்த பிள்ளையோ குறவஞ்சியைக் கையில் எடுத்தான். குறத்தி குறி சொல்லும் நாடக வடிவத்தில் இயேசுவைப் பாடினான். அக்காலத்துப் புதிய வானசாஸ்திரத்தையும் அதற்குள் கொண்டுவந்தான். தன்னைப் போலவே இன்னொருவரை உருவாக்க எண்ணுகிற ஆசிரியரிடம் வளர்ந்திருந்தால், வேதநாயகம் நல்லதொரு மொழிபெயர்ப்பாளராகியிருப்பார். தமிழுக்கு ஒரு கவிஞர் கிடைத்திருக்கமாட்டார்.

நான்காமவர் இளவரசர் சரபோஜி. 1787இல் துளஜா மன்னர் மரணப் படுக்கையில் இருந்தபோது, தாம் தத்தெடுத்த பத்து வயதுப் பிள்ளையைச் சுவார்ட்ஸிடம் ஒப்புவிக்க விரும்பினார். அரண்மனைப் பொறுப்பு தமக்குத் தகாது என்று மறுத்த சுவார்ட்ஸ், மன்னரின் சகோதரர் அமர்சிங்கைப் பாதுகாவலராக்கும்படி ஆலோசனை சொன்னார். அந்த ஆலோசனை பிள்ளைக்கு நன்மையாக முடியவில்லை. அமர்சிங்கே அரியணை ஏறினார். பிள்ளை கல்வியின்றி, காவலில் அடைபட்டவனைப் போல் கிடந்தான். சுவார்ட்ஸ் அதைக் கண்டு, தம் பொறுப்பு முடிந்துவிட்டது என்று ஒதுங்கவில்லை. பிள்ளைக்காகத் தொடர்ந்து வாதாடினார். 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு, வேப்பேரியில் ஊழியம் செய்த கெரிக்கே என்னும் மிஷனரியிடம் கல்வி கற்றார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்துப் பெருக்கியவராக இன்று உலகம் அறியும் சரபோஜி மன்னர் இவரே. 1798இல் அவர் முடிசூடியபோது, சுவார்ட்ஸ் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

சரபோஜி ஞானஸ்நானம் பெறவில்லை. தம் முன்னோரின் சமயத்திலேயே வாழ்ந்து, காசி யாத்திரையும் சென்று, 1832இல் இறந்தார். நம்மில் சிலர், அப்படியானால் சுவார்ட்ஸ் அங்கே தோற்றுப்போனார் என்று சொல்லக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டியுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்துக்குப் போயிருக்கிறீர்களா? சரபோஜி மன்னர் லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் சிற்பம் அங்கே உள்ளது. படுக்கையில் கிடக்கும் முதிய போதகரின் கையை இளம் மன்னர் பற்றிக்கொண்டு நிற்கிறார். நம் பொத்தேரியிலிருந்து மின்சார ரயிலில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள தூய மரியன்னை ஆலயத்திலும் சுவார்ட்ஸுக்கு ஒரு சலவைக்கல் நினைவுச்சின்னம் உண்டு. அது கிழக்கிந்தியக் கம்பெனி தனக்குச் செய்த உதவிகளுக்காக வைத்தது. ஒன்று, பயன் பெற்றவர்கள் வைத்த கல். மற்றது, வளர்க்கப்பட்ட பிள்ளை வைத்த கல். இந்த இரண்டில் எது என் ஊழியத்துக்குப் பின் எஞ்சும் என்று ஒவ்வொரு போதகனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

போதகர், கவிஞர், மிஷனரி, இந்து மன்னர். நால்வரும் ஒருவர் மற்றவரைப் போல இல்லை. சுவார்ட்ஸைப் போலவும் இல்லை. ஒருவரின் தாக்கம் நீடித்ததா என்பதை அவருடைய குரலிலேயே பேசுகிற எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி அறியமுடியாது. அவர் இல்லாதபோதும் தம் காலில் நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்பதே அதன் அளவு.

பேசாமல் விட்டதும் பிள்ளைகளுக்குப் போகிறது

இத்தோடு முடித்திருந்தால், இது ஒரு புகழுரையாக இருந்திருக்கும். ஆனால் உண்மை இன்னும் மீதமிருக்கிறது.

சுவார்ட்ஸின் தஞ்சைச் சபையில், மேல்சாதியார் என்று சொல்லப்பட்டோர் ஒரு புறமும், ஒடுக்கப்பட்ட மக்கள் மறு புறமும் அமர்ந்தார்கள். ஒரே ஆலயம், ஒரே வேதம். ஆனாலும் தனித்தனி இடம். அக்காலத்து மிஷனரிகள் பலர் இதைத் தவறென்று உணர்ந்தும், காலம் செல்லச்செல்ல மறையும் என்று பொறுத்துக்கொண்டார்கள். அது மறையவில்லை. 1820களில் அடுத்த தலைமுறை மிஷனரிகள் இந்தப் பிரிவினையை நீக்க முற்பட்டபோது, எதிர்த்து நின்றவர்களின் முன்வரிசையில் இருந்தவர் யார்? சுவார்ட்ஸ் கைப்பிடித்து அழைத்துவந்த வேதநாயக சாஸ்திரியார். முந்தைய போதகர்கள் அனுமதித்ததை நீங்கள் ஏன் மாற்றுகிறீர்கள் என்பது அந்தத் தரப்பின் வாதங்களில் ஒன்று. அதே மிஷனரிகள் தமிழ்ப் பாடல்களையும் ஆராதனையிலிருந்து விலக்க முயன்றார்கள். அதை எதிர்த்ததில் சாஸ்திரியார் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் சாதிக் காரியத்தில், அந்த மாபெரும் பக்தர், சுவிசேஷத்துக்கு எதிரான பக்கத்தில் நின்றார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பாக அறிவித்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள்.

இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. ஏனென்றால், சாஸ்திரியாரின் பாடல்களைப் பாடி வளர்ந்தவன் நான். ஆயினும் இதிலிருந்து ஒரு பாடத்தை நாம் கற்றே ஆகவேண்டும். ஆவிக்குரிய தகப்பன் தன் பிள்ளைக்குத் தன் ஜெபத்தை மட்டும் கொடுப்பதில்லை. தன் தயக்கத்தையும் கொடுக்கிறான். அவன் பேசினதைப் பிள்ளை மறந்தாலும் மறக்கும். அவன் பேசாமல் விட்டதை, அது சரியானது என்றே எடுத்துக்கொள்ளும்.

கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகினார். மற்ற யூதரும் விலகினார்கள். அந்தப் பட்டியலின் கடைசியில் பவுல் ஒரு பெயரைச் சொல்கிறார்: பர்னபா. சவுலை யாரும் நம்பாத நாள்களில் அவனைக் கைப்பிடித்து அப்போஸ்தலரிடம் கொண்டுபோனவன் பர்னபா. தர்சுவுக்குத் தேடிப்போய், அவனை இதே அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தவனும் பர்னபா. அந்தப் பர்னபாவும் பந்தியைவிட்டு எழுந்தான் என்று எழுதும்போது பவுலின் உள்ளம் எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் பவுல் மௌனமாக இருக்கவில்லை. எல்லாருக்கும் முன்பாகப் பேசினார். தன்னை வளர்த்தவர்மேல் வைத்த அன்பும், சத்தியத்துக்காகப் பேசுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை அந்த அதிகாரம் நமக்குக் கற்றுத்தருகிறது.

என்னை வளர்த்தவர்

நான் பிறரைக் குறித்துப் பேசி, என்னைக் குறித்துப் பேசாமலிருந்தால், அது நேர்மையாகாது.

இறையியல் படிப்பை முடித்த புதிதில், தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் முதிய போதகர் ஒருவரின் வீட்டில் இரண்டு ஆண்டுகள் தங்கினேன். அவர் இப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். காலையில் இருவரும் ஒரே பாயில் முழங்கால்படியிடுவோம். அவர் சைக்கிளின் பின்னால் அமர்ந்து வியாதியஸ்தரின் வீடுகளுக்குப் போவேன். ஒருமுறை, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், ஒரு மணி நேரம் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தத் தகப்பனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் என்ன பேசவேண்டும் என்று நான் கல்லூரியில் கற்றவற்றை அன்றே மறந்தேன்.

இன்னொரு நாள், மணி அடிக்கத் தாமதித்ததற்காகக் கோவில்பிள்ளையைச் சபையார் முன்னிலையில் கடிந்துகொண்டார். அன்றிரவு சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "எழும்பு தம்பி, ஒரு வீட்டுக்குப் போகணும்" என்றார். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். கோவில்பிள்ளையின் வீட்டு முற்றத்தில் நின்று, அவருடைய மனைவி பிள்ளைகள் முன்னிலையில், "எம்மேலதான் தப்பு. மன்னிச்சிருப்பா" என்றார். தாழ்மையைக் குறித்து நான் படித்த எந்தப் புத்தகமும் அந்த முற்றத்துக்கு ஈடாகாது.

ஆனால் அந்தக் கிராமத்தின் கல்லறைத் தோட்டம் இரண்டு பகுதிகளாக இருந்தது. நடுவே ஒரு குட்டைச் சுவர். ஒருமுறை அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். நடந்துகொண்டே, "அது மெதுவா மாறும் தம்பி" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, இந்தப் பகுதியில் நான் ஊழியம் செய்யும்போது, நம் சபையைச் சேர்ந்த இளைஞனும் இளம்பெண்ணும் என்னிடம் வந்தார்கள். இருவரும் விசுவாசிகள், வேலையில் இருப்பவர்கள், திருமணம் செய்துகொள்ள விரும்பினார்கள். இரு வீட்டாரும் சாதியைச் சொல்லி மறுத்தார்கள். பெற்றோரிடம் தங்களுக்காகப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். பெற்றோர் இரு சாராரும் சபையின் தூண்கள் போன்றவர்கள். நான் வாயைத் திறந்தேன். வெளிவந்த வார்த்தைகள் இவை: "பொறுமையா இருங்க. மெதுவா மாறும்."

அந்தக் குரல் என்னுடையதல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன் கல்லறைச் சுவரின் ஓரமாக நான் கேட்ட குரல் அது. அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தாள். அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, வேறொரு சபைக்குப் போய்விட்டார்கள்.

இப்படித்தான் ஒரு மௌனம் தலைமுறை கடந்து போகிறது. கெட்ட மனிதர்கள் மூலமாக மட்டும் அது போவதில்லை. நாம் நேசிக்கிற, நாம் கண்ணீரோடு நினைக்கிற நல்லவர்களின் வழியாகவும் போகிறது. அவர்கள்மேல் நாம் வைத்த அன்பினாலேயே, அதையும் பரிசுத்தமானதாக நினைத்துச் சுமக்கிறோம்.

என் வேண்டுகோள்

ஆகையால் பிரியமானவர்களே, இரண்டு காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, சபையில் உள்ள பெரியவர்களுக்கு. இந்தப் பகுதியில் இளைஞர்களுக்குப் பிரசங்கப் பஞ்சம் இல்லை. கைப்பேசியைத் திறந்தால் உலகத்தின் சிறந்த பிரசங்கியார் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரசங்கியார், கேட்கிறவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவரமாட்டார். அவன் எங்கே தடுமாறினான் என்று மாலையில் கேட்கமாட்டார். அதைவிட, அவர் தவறு செய்து மன்னிப்புக் கேட்பதை அவன் ஒருநாளும் பார்க்கமுடியாது. ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் மறைமலைநகரிலும் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பங்களே, உங்கள் சாப்பாட்டு மேசையில் வாரம் ஒருநாள் ஒரு விடுதிப் பிள்ளைக்கு இடம் கொடுங்கள். நீங்கள் அவனுக்கு வேதபாடம் நடத்தவேண்டியதில்லை. நீங்கள் வாழ்வதை அவன் பார்த்தால் போதும். நூறு பேருக்கு உங்களால் முடியாது, சுவார்ட்ஸாலும் முடியவில்லை. ஒருவனைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வளர்க்கப்பட்ட எல்லாருக்கும். உங்களை விசுவாசத்தில் வளர்த்தவர்களை நினைத்துப் பாருங்கள், கர்த்தரைத் துதியுங்கள், உயிரோடிருந்தால் போய்ப் பாருங்கள். ஆனால் அவர்களிடமிருந்து பெற்றதையெல்லாம் வேதத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிற அளவில் தன்னைப் பின்பற்றும்படியே பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 11:1). அந்த அளவு எங்கே முடிகிறதோ, அங்கே நாம் நின்றுவிடவேண்டும். அப்படி நிற்பது துரோகம் அன்று. அவர்கள் தொடங்கி முடிக்காமல் விட்ட வேலையைக் கையில் எடுப்பதாகும்.

கடந்த சில மாதங்களாக வியாழக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் இரண்டு மாணவர்கள் எங்களோடு சாப்பிடுகிறார்கள். என் மனைவி தோசை சுடுகிறாள். அவர்கள் பாத்திரம் கழுவுகிறார்கள். அந்த வாரம் நடந்ததைச் சொல்கிறார்கள்; நானும் என் வாரத்தைச் சொல்கிறேன். முதல் வியாழனில், அந்தத் திருமணக் கதையை அவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். ஒருவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா ஐயா?"

கேட்கவில்லை. அந்த எண்ணம் வந்தபோதெல்லாம், காலம் கடந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மாலை அவர்களுடைய வீட்டைத் தேடிப் போனேன். கேள்வி கேட்ட மாணவனையும் உடன் அழைத்துப்போனேன். கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். இடுப்பில் ஒரு குழந்தை. வாசற்படியில் நின்றபடியே சொன்னேன்: "எம்மேலதான் தப்பும்மா. நான் பேசியிருக்கணும்." சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "உள்ள வாங்க ஐயா" என்றாள். தேநீர் கொடுத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் அந்த மாணவன் ஒன்றும் பேசாமல் என்னோடு நடந்துவந்தபோது, டார்ச் விளக்கோடு நான் நடந்த இரவு என் நினைவுக்கு வந்தது. மௌனத்தை எனக்குக் கற்றுத்தந்தவரே, இப்படி ஒரு வாசலில் போய் நிற்கவும் எனக்குக் கற்றுத்தந்திருந்தார்.

ஜெபிப்போம்.

பரலோகப் பிதாவே, எங்களை வளர்த்தவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். அவர்கள் மூலமாய் நீர் தந்த நன்மைகளை நாங்கள் காத்துக்கொள்ளவும், அவர்கள் சரிசெய்யாமல் விட்டதைச் சரிசெய்யவும் எங்களுக்குத் தைரியம் தாரும். எங்கள் மேசையில் ஒரு பிள்ளைக்கு இடம் வைக்க எங்களுக்கு மனதைத் தாரும். அந்தப் பிள்ளை எங்களில் காணவேண்டாத மௌனம் ஏதேனும் இருந்தால், அதை இன்றே எங்களுக்குக் காட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.